மரபுக் கட்டடங்களும் உடைமையில்லாதார் உரிமையும் : ஓர் அறவியல் நோக்கு

சென்னைத் திருவல்லிக்கேணியை ஒட்டிய திருவேட்டீசுவரன்பேட்டையில், பிள்ளையார் கோயில் தெருவில், 'தியாகராச விலாசம்' என்னும் பெயருடைய வீடு ஒன்று இருந்தது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த வீடு அது. கும்பகோணம் கல்லூரியில் தமக்குத் தமிழாசிரியர் பணி கிடைக்கக் காரணராய் இருந்த தியாகராச செட்டியாரின் நினைவாக அவர் இட்ட பெயர் அது. சுவடிகளும் அவற்றை ஒப்புநோக்கிய மாணாக்கரும் அச்சுப்படிகளும் நிறைந்திருந்த அவ்வீடு 2012ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அதனை நினைவில்லமாக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன, நாளிதழ்கள் எழுதின. எனினும் இடிப்பு நடந்தேறியது.

இந்நிகழ்வில் குற்றவாளி யார் என்று தேடுவது எளிது, கண்டுபிடிப்பது அரிது. தம் உடைமையை விற்கவும் மாற்றவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. சாமிநாதையரின் உழைப்பால் பயன்பெற்றது தமிழுலகம் முழுமையும் ஆகும். ஆனால் அவ்வீட்டின் வரியையும் பழுதுபார்ப்பையும் எழுபதாண்டுக்காலம் தாங்கியோர் ஒருசிலரே. பயன் அனைவருக்கும், செலவு ஒருசிலருக்கும் என்ற நிலையில், "இடிக்காதே" என்று சொல்லும் தகுதி வழிப்போக்கனுக்கும் அண்டை வீட்டாருக்கும் தமிழ் பயின்றவருக்கும் எங்கிருந்து வருகிறது? மரபுக் கட்டடப் பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எவ்வாறு காப்பது' என்பதிலேயே தொடங்குகிறது. அதற்கு முன்னர் எழவேண்டிய வினா இது. இதற்கு விடை காணாமல் எழுப்பப்படும் கோரிக்கை, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் செயலாகவே உரிமையாளருக்குத் தோன்றும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 49ஆம் உறுப்பு, நாட்டு முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைக் காப்பதை அரசின் கடமையாக வைக்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51அ உறுப்பு, பன்முகப் பண்பாட்டின் வளமான மரபினை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. சொத்துரிமையோ 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமை என்னும் நிலையிலிருந்து இறங்கி, 300அ உறுப்பின்கீழ்ச் சட்டவழி உரிமையாக நிற்கிறது. ஏட்டளவில் பார்த்தால், பழமையைப் பேசும் குடிமகனின் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றும்.

நடைமுறை அவ்வாறில்லை. 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச் சின்னங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையை வேண்டுகிறது. அதன்கீழ் இந்தியத் தொல்லியல் துறை காப்பவை ஏறத்தாழ 3,700 சின்னங்கள். இத்துணைப் பெரிய நாட்டில் இத்தொகை சிறிது. அதிலும் கோயில், கோட்டை, கல்லறை, மசூதி ஆகியனவே மிகுதி. புலவர் வாழ்ந்த வீடு, தெருவின் திண்ணை வரிசை, பழைய அச்சகம், சந்தைக் கட்டடம் ஆகியன அதில் இடம்பெறுதல் அரிது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தது. சின்னத்தைக் காக்க எழுந்த இவ்விதி, அதன் நிழலில் தலைமுறைகளாக வாழ்வோரைப் பழுதுபார்ப்பதற்கும் இசைவு கேட்டு அலையச் செய்தது என்பதும் நோக்கத்தக்கது. சின்னத்துக்கு மிக அருகில் வாழ்பவனே அதன் மீது கசப்புக்கொள்ளும் நிலை பாதுகாப்பாகாது.

எஞ்சிய இடைவெளியை நிரப்ப வேண்டியவை நகரமைப்பு விதிகள். இவ்வகையில் 1995ஆம் ஆண்டு பம்பாயில் நடைமுறைக்கு வந்த மரபுக் கட்டட ஒழுங்குவிதிகள் நாட்டிற்கு முன்னோடியாக அமைந்தன. கட்டடங்களை மூன்று தரங்களாகப் பகுத்து, முதல் தரத்தில் மாற்றத்துக்கு மிகக் குறைந்த இடமும் அடுத்தடுத்த தரங்களில் நெகிழ்ச்சியும் தந்தன. இவ்விதிகள் அலுவலகத்தில் தாமாகப் பிறந்தவையல்ல. குடிமக்கள் குழுக்களும் கட்டடக்கலைஞரும் பல்லாண்டுகள் பட்டியலிட்டு வாதிட்டதன் விளைவு. தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. தியாகராச விலாசம் இடிந்ததும் அவ்வாண்டே. சட்டம் செயலுக்கு வரவோ மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடிக்கும் முன் படியெடுத்தல்

பழங்கட்டடத்தை மாற்றாமல் வைத்துப் பேணுதல் மேனாட்டுக் கருத்து. இடித்துப் புதுக்குதலே நம் மரபு என்னும் வாதம் அடிக்கடி எழுவதுண்டு. செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியாரை இதற்குச் சான்று காட்டுவர். வாதத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதி கல்வெட்டுகளில் கிடக்கிறது. திருக்கோடிகாவில் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகள் அழியாதபடி புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. திருமழபாடியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் புதிதாக எடுக்க ஆணையிட்டபோது, இடிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. அவை புதிய சுவரில் ஏறியது அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். இடைப்பட்ட பத்தாண்டுக்கும் மேலான காலம், ஓர் ஊரின் கொடைகளும் உரிமைகளும் ஓலையில் காத்துக் கிடந்தன.

ஆணையிட்டவன் பேரரசன், இடிப்பதற்கு அவன் எவரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை. ஆயினும் முன்னோர் எழுதியதன் மீது இடிப்போனுக்கு ஒரு கடன் உண்டு என்பது அங்கு ஏற்கப்பட்டிருந்தது. அந்தக் கடன் மாற்றத்தைத் தடுக்கவில்லை, மறதியைத் தடுத்தது. இன்று திருப்பணி என்னும் பெயரால் மணல் வீசித் தேய்த்தும், எழுத்துகள் மீது வண்ணமும் சிமெண்டும் பூசியும் நடந்த செயல்களை மரபின் தொடர்ச்சி என்பதற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டையும் கருதவேண்டும். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தால் நூல் பிழைக்கும். ஏடு செல்லரித்தாலும் சிந்தாமணி வாழும். கட்டடத்துக்கு அத்தகைய பிறவி இல்லை. அளந்து வரைந்த படமும் ஒளிப்படமும் கட்டடத்தின் செய்தியைத் தரும். கூடத்தின் ஒளியையும் முற்றத்தின் காற்றையும் தாரா. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த புதுச்சேரி மேரி கட்டடம், பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கடற்கரைச் சாலையின் முகம் மீண்டது. பதிப்பாசிரியர் ஒருவர் அதனை மூலபாடம் என்பாரா, சிதைந்த ஏட்டை ஊகித்து நிரப்பிய பாடம் என்பாரா என்பது சுவையான வினா. நகரத்தார் பலர் அதனைப் பழைய மேரியாகவே ஏற்றுக்கொண்டால், அந்த ஏற்பையும் ஆய்வாளன் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

உரிமையாளரின் மறுப்பு

பாதுகாப்பாளர் கேட்டறியவேண்டிய மறுப்புகளுள் வலியது வீட்டுக்காரருடையது. புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகளை எடுத்துக்கொள்வோம். தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதனை அடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம் என்னும் அமைப்பு பார்ப்பவர் கண்ணுக்கு இனியது. உள்ளே வாழ்பவருக்கோ மழைக்காலத்தில் ஒழுகும் மெட்ராஸ் தளம், கறையான் அரித்த உத்தரம், முதியோருக்கு எட்டாத கழிப்பறை, மும்மடங்கு கூலி கேட்கும் சுண்ணாம்பு வேலை ஆகியனவே முதலில் தெரியும். அடுத்த மனையில் நான்கு மாடி எழுகிறது. "என் திண்ணை அழகை நீர் பாராட்டுகிறீர், ஒழுக்குக்கு நான் வாளி வைக்கிறேன்" என்று அவர் சொன்னால் அதில் அறப்பிழை இல்லை.

செட்டிநாட்டு நிலை இதனினும் சிக்கலானது. ஒரு வளவில் பலருக்குப் பங்கு. தலைமுறை ஏறஏறப் பங்கு பெருகுகிறது. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றனர். செப்பனிட ஒருவர் முன்வந்தால் மற்றவர் இசைவு வேண்டும்; இசைவு கிடைக்கும்வரை மழை காத்திராது. இறுதியில் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பிரித்தெடுக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கு அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் பழமையை நேசிப்போரே என்பது இதன் முரண். ஒரு வீட்டின் சிதைவு மற்றொரு வீட்டின் அலங்காரமாகிறது.

ஆதலின், 'காப்பாற்று' என்னும் சொல்லுக்கு உரிய கடமை கேட்பவரிடமே தொடங்குகிறது. பொதுநலனுக்காக ஒருவர் தம் மனையில் மேலெழும் உரிமையைக் கைவிட வேண்டுமெனில், பொதுமக்கள் அவ்விழப்பில் பங்கேற்க வேண்டும். பம்பாய் விதிகள் இதற்காகவே வளர்ச்சி உரிமை மாற்றத்தைக் கொண்டன. தம் மனையில் கட்ட முடியாத பரப்பளவை உரிமையாளர் வேறிடத்துக்கு விற்கலாம். புதுச்சேரியில் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் இணைந்து, வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகளை உரிமையாளர் பங்களிப்புடன் சீரமைத்தன. தனி வீட்டைக் காப்பதைவிடத் தெருவைக் காப்பது கடினம் என்று கருதுவர். அனுபவம் வேறாகவும் இருக்கலாம். தன் வீடு மட்டும் குறிவைக்கப்பட்டதாக எண்ணும் ஒருவர், தெரு முழுவதற்கும் ஒரே முறை என்றால் இசைய வாய்ப்பு மிகுதி. சொத்துவரிச் சலுகை, குறைந்த வட்டிக் கடன், மரபுவழிக் கொத்தர் பட்டியல் போன்ற சிறு கோரிக்கைகளைக் குடியிருப்போர் முன்வைத்தால், அவர்கள் உரிமையாளருக்கு எதிரணியாகாமல் துணையணியாவர். இதனைச் செய்யாது வழக்கு மட்டும் தொடுப்போர் வென்றாலும் வெற்றி பாதியே.

அண்ணா சாலையிலுள்ள பாரத் காப்பீட்டுக் கட்டடம் இதற்குத் தக்க சான்று. 1897இல் கட்டப்பட்ட அதனை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் நீதிமன்றம் சென்றது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் இடிப்பைத் தடுத்ததோடு, நகர் வளர்ச்சிக் குழுமம் மரபுக் கட்டடங்களுக்குக் குழு அமைக்கவும் வழிசெய்தது. நகரின் பல கட்டடங்களுக்கு அத்தீர்ப்பே அரணாயிற்று. ஆனால் வழக்குக்குக் காரணமான கட்டடமோ, தீர்ப்புக்குப் பின்னும் பல்லாண்டுகள் கூரை சிதைந்து, சுவரில் செடி முளைத்து நின்றது. இடிக்காதே என ஆணையிட நீதிமன்றத்தால் இயலும். பேணச் செய்வது அத்துணை எளிதன்று.

குரல் எழும் காலமும் குரலின் நேர்மையும்

குடியிருப்போர் குரல் பெரும்பாலும் இடிக்கும் இயந்திரம் தெருமுனைக்கு வந்தபின்னரே எழுகிறது. அப்போது எஞ்சியிருப்பது தடையாணை ஒன்றே. நகரப் பெருந்திட்ட வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபங்களையும் கருத்துகளையும் கேட்பது நகரமைப்புச் சட்டங்களின் பொதுவான முறை. அக்காலக்கெடுவுக்குள் தம் தெருவின் கட்டடங்களைப் பட்டியலிட்டு எழுதிக்கொடுப்போர் மிகச் சிலர். பட்டியலில் ஏறாத கட்டடத்துக்குப் பின்னாளில் வாதிடுவது கடினம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு முதல் கையிலிருக்கிறது. அரசு கட்டடமாயின் அதன் எதிர்காலம் பற்றிய கோப்பைக் கேட்டறிய அது போதும். அகமதாபாத்தில் 1997இல் தொடங்கிய மரபு நடை, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து சும்மா மசூதிவரை போள்களின் ஊடே மக்களை அழைத்துச் சென்றது. இருபதாண்டு கழித்து, 2017இல், அந்நகரம் யுனெஸ்கோவின் உலகமரபு நகரமாயிற்று. நடையே அதனைச் செய்தது எனல் மிகை. எனினும் தம் சந்தை அயலார் நின்று பார்க்கத்தக்கது என்னும் எண்ணம் அங்கு வாழ்வோரிடம் வேரூன்ற அதற்குப் பங்குண்டு.

2003இல் சென்னை இராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் எழுப்பத் திட்டமிடப்பட்டபோது, மாணவியர் வளாகத்தினுள்ளேயே அமர்ந்து போராடினர், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் உடைமையாளரல்லர், மூன்றாண்டு தங்கிச் செல்வோர். அவர்தம் வாதத்தின் மையம் கட்டடக்கலையும் அன்று. 1914 முதல் அங்கே பெண்கள் படித்துவந்தனர் என்பதே. கட்டடத்தின் மதிப்பை அதன் வளைவிலும் தூணிலும் தேடும் வல்லுநருக்கு அம்மாணவியர் தந்த பாடம் இது: இடையறாப் பயன்பாடும் ஒரு மரபே. 2019இல் ஐதராபாத்தின் இர்ரம் மன்சில் அரண்மனையை இடித்துச் சட்டமன்றம் கட்ட முடிவெடுக்கப்பட்டபோது, குடிமக்கள் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. சட்டம் வகுத்த நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பது அங்கு முதன்மையாக நின்றது. அழகை நிறுவுவதினும் நடைமுறைப் பிழையை நிறுவுவது எளிது. வழக்காடுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இவ்விடத்தில் தமிழாய்வாளர்க்கெனத் தனிப்பொறுப்பு ஒன்றுண்டு. ஒரு கட்டடத்தைக் காக்கும் ஆர்வத்தில் அதன் வயதை நூறாண்டு கூட்டுவதும், வாய்மொழிக் கதையை வரலாறாக்குவதும், வராத தலைவர் வந்து தங்கியதாக எழுதுவதும் நிகழ்கின்றன. நோக்கம் நல்லது என்பதால் பொய் சான்றாகாது. எதிர்த்தரப்பு ஒரு கூற்றை உடைத்தால் போதும், உண்மையான ஒன்பதும் உடன் சாயும். இடைச்செருகலைக் கண்டு பிரிக்கப் பயின்றவர்கள் தாமே இடைச்செருகல் செய்வது தம் துறைக்கு இழுக்கு. ஆவண எண், பத்திர ஆண்டு, அச்சகப் பெயர் பொறித்த பழைய நூலின் முகப்பு, வீட்டில் பிறந்த முதியவரின் கூற்று ஆகியவற்றை வேறுவேறாக வைத்து, எது எவ்வளவு உறுதி என எழுதும் அறிக்கையே நீதிமன்றத்திலும் குழுவிலும் நிற்கும்.

எவருடைய நினைவு?

எதனைக் காப்பது என்பதில் அகவை ஓர் எளிய அளவுகோல். எளிமையே அதன் குறை. தில்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜின் கணிப்பில் 1972இல் எழுந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்', விடுதலையின் 25ஆம் ஆண்டையொட்டி நடந்த கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. அறுபதாண்டு நிறையாதது மரபுக் கட்டடமாகாது என்ற நிலைப்பாட்டின் பின்னணியில் 2017 ஏப்ரலில் அது இடிக்கப்பட்டது. அறுபதாண்டு நிறையும்முன் இடித்துவிட்டால் எக்கட்டடமும் மரபாக முடியாது என்பதை அவ்விதி கருதவில்லை. கொல்கத்தாவில் எழுத்தாளர் அமித் சவுதுரி 2015இல் தொடங்கிய முயற்சி வேறொரு குறையைச் சுட்டியது. பெரியோர் பிறந்த வீடுகளும் அரண்மனைகளும் பட்டியலில் இருந்தன. சிவப்புத் தளமும் பச்சைச் சாளரப் பலகைகளும் உடைய நடுத்தர மக்களின் வீடுகளோ இல்லை. அவையே அந்நகரின் தெருக்களுக்கு முகம் தருவன.

தமிழ்ச் சூழலில் இதனினும் கூர்மையான வினா ஒன்று எழுகிறது. திண்ணையைப் பண்பாட்டின் விருந்தோம்பலுக்குச் சான்றாகப் போற்றி எழுதாத கட்டுரை அரிது. அத்திண்ணையில் அனைவரும் அமர இயன்றதா? அத்தெருவில் அனைவரும் நடக்க இயன்றதா? பல மரபு வீடுகளின் பின்வாயில், அதனை மட்டுமே பயன்படுத்த வேண்டியிருந்தவர்களின் வரலாற்றையும் தாங்கி நிற்கிறது. அவ்வரலாற்றின் வழிவந்தோர் ஒருவர், "இது இடிந்தால் எனக்கு இழப்பில்லை" என்று சொன்னால், பண்பாட்டறியாமை என அதனை ஒதுக்குதல் ஆகாது. காக்கவேண்டும் எனில் பின்வாயிலையும் சேர்த்தே காக்கவேண்டும். அறிவிப்புப் பலகையில் அதற்கும் இரண்டு வரி வேண்டும். அங்ஙனமே ஆலைத் தொழிலாளர் குடியிருப்பும் மீனவர் தெருவும் பட்டியலுக்கு வெளியே நிற்கும்வரை 'உள்ளூர் மரபு' என்னும் சொல்லில் ஊரில் பாதியே அடங்கும்.

காக்கப்பட்ட பின் நிகழ்வதும் எண்ணத்தக்கது. புதுச்சேரியிலும் செட்டிநாட்டிலும் சீரமைக்கப்பட்ட வீடுகள் பல விடுதிகளாயின. கட்டடம் நிலைக்க அது வழி என்பதை மறுப்பதற்கில்லை. வருவாய் இன்றிச் சுண்ணாம்பு இல்லை. ஆயினும் தெருவின் மதிப்பு உயர, வாடகை உயர, நெடுநாள் குடியிருந்த வாடகைக்காரர் புறநகருக்குச் செல்ல நேர்கிறது. பாதுகாப்பு இயக்கத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாம்.

'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. அதிலும் பிற கட்டுரைகளிலும் சாமிநாதையர் தாம் ஏடு தேடிச் சென்ற ஊர்களையும் தங்கிய வீடுகளையும் மடங்களையும் பெயர் சொல்லிக் குறித்துள்ளார். அவற்றுள் எவை இன்றும் நிற்கின்றன, எவர் வாழ்கின்றனர், கூரை எந்நிலையில் உள்ளது, உரிமையாளருக்கு என்ன தேவை என்பனவற்றை ஊர் ஊராகச் சென்று எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். இதற்கு நீதிமன்றமோ ஆணையமோ வேண்டுவதில்லை. ஒரு தமிழ்த்துறையும் ஈராண்டு மாணாக்கர் உழைப்பும் போதும். உத்தமதானபுரத்திலிருந்து மாயூரம், திருவாவடுதுறை, கும்பகோணம் என்று அவர் நடந்த வழியிலேயே அதனைத் தொடங்கலாம்.